எட்டுத் தலைப் பவளமும் ஒன்பது நாட்களும்

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம், "உனக்கு இப்ப என்னதாம்மா பிரச்சனை?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது எதிர்முனையில் ஆள் இல்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நடந்துகொண்டே, சாப்பிட்டுக்கொண்டே, இன்னொரு திரையைப் பார்த்துக்கொண்டே படிக்காதே. ஓரிடத்தில் உட்கார்ந்து படி.

நீ அன்றைக்குச் சொன்ன செய்தி என்ன? தொட்டியை விற்றுவிட்டாய், மதுரையிலிருந்து ஆள் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள், இனி எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறாய். "யாரக் கேட்டுலே வித்த?" என்று நான் கேட்டதும்தான் உனக்கு என் பிரச்சனை என்னவென்று சந்தேகம் வந்தது. உன் பொருள், நீ விற்கலாம். சட்டப்படி சரி. ஆனால் எட்டு மாதமாக அதற்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். வெயிலில், கரண்ட் போகிற ஊரில், குழாய்த் தண்ணீர் வாரக்கணக்கில் வராத தெருவில் இருந்துகொண்டு ஊற்றியிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அது வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ முன்னறையில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்த்த காலம். தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, பவளம் என்றாய். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லைத் தேடி நான் எட்டிப் பார்த்தால், ஒரு வெள்ளைக் கல்லின் மேல் எட்டுக் குழல்கள், ஒவ்வொரு குழலின் வாயிலும் பச்சையாய்ச் சதை. கடலிலிருந்து உடைத்து எடுத்ததா என்று நான்தான் முதலில் கேட்டேன். பாம்பன் பக்கம் பவளத்தைத் தொட்டாலே வழக்கு என்று எனக்கும் தெரியும். பண்ணையில் வளர்த்தது என்று ஒரு தாளைக் காட்டினாய். உன் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "இது உசுரா, கல்லாலே?" என்று கேட்டார். ரெண்டும்தான் என்றாய். "அப்பம் ஒரு மீனாவது வாங்கியிருக்கலாம்லே, நீந்துறதையாவது பாக்கலாம்" என்றார் அவர். பட்டாசு கம்பெனியில் முப்பது வருடம் லோடு ஏற்றி அனுப்பிய மனிதர். அசையாமல் இருக்கிற ஒன்றுக்கு இவ்வளவு கரண்டா என்ற கோபம் அவருக்கு.

ஜெர்மனிக்குக் கிளம்பும்போது நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, பிரஸ்ஸில் கொடுத்து லேமினேட் போட்டு, தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாய். இது ரொம்பக் கெட்டியான வகை, சாகாது, சும்மா பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னாய். சும்மா பார்த்துக்கொள்வதற்கு எதற்கு நான்கு பக்கம்? இருபத்தாறு டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது. உப்பு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தினமும் ஆவியாகிற அளவுக்கு நீலக் கேனில் இருக்கிற ஆர்.ஓ. தண்ணீர். வாரம் ஒருமுறை பத்து லிட்டரை எடுத்துவிட்டு, வெள்ளைக் கேனில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர். இரண்டு பாட்டில் மருந்து, சொட்டுக் கணக்கில். சாயங்காலம் அது விரல் மாதிரி இழைகளை நீட்டும்போது இறாலைக் கடுகளவு நறுக்கி, தலைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். இந்தத் தெருவில் மனிதர்கள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். நான் ஒரு கல்லுக்காக ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, கழிந்து போகிற மூன்று குடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தொட்டிக்கு ஓடும். எங்கள் காற்றாடிக்கு ஓடாது. அந்த இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனவனும் நீதான்.

போதாததற்கு ஒரு கேமரா. தொட்டியை மட்டும் பார்க்கிற மாதிரி, எதிரே அலமாரியில் வைத்தாய். சத்தம் பதியாது, படம் மட்டும்தான். அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வேன் என்றாய். நீ பார்த்தாய் என்பதை நான் மறுக்கவில்லை. நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உன் போன் வரும். "அம்மா, இடது பக்கம் மூணாவது தலை கொஞ்சம் மூடியிருக்கு பாரு." எனக்கு மூட்டுவலி என்று மாசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அது எத்தனையாவது மூட்டு என்று உனக்குத் தெரியுமா?

பங்குனிக் கடைசியில் அது வெளிறத் தொடங்கியது. நான்தான் உன்னிடம் சொன்னேன். இருபத்தாறு வருடம் காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்த்தவள் நான். முருகன் முகத்தில் மஞ்சள் ஒரு இழை கூடினாலும் மெஷினை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மெஷின்மேன்கள் மூன்று பேர் சேர்ந்து சரியாகத்தானே இருக்கிறது என்று சத்தம் போட்டபோதும், மை காய்ந்த பிறகு பாருங்க என்று நின்றிருக்கிறேன். காய்ந்த பிறகு நான் சொன்னபடிதான் இருக்கும். அந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னேன், பச்சை இறங்கியிருக்கிறது, ஓரத்தில் இருந்த பழுப்பைக் காணவில்லை என்று. கேமராவில் நன்றாகத்தான் தெரிகிறது என்றாய். கேமரா தானாக நிறத்தை ஏற்றிக் காட்டும் என்றேன். "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றாய். சரி, தெரியாது. நான் உன் குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெளிச்சம் அதிகமானால் வெளிறும் என்று மூன்றாம் பக்கத்தில் நீயே எழுதியிருந்தாய். விளக்கை இரண்டு படி குறைத்தேன். மூன்று வாரத்தில் பழுப்பு திரும்பி வந்தது. உன்னிடம் நான் சொல்லவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று நீ போனில் சிரித்தாய். ஒருவரிடம் ஒன்றைப் பார்த்துக்கொள் என்று கொடுத்தால், அவர்கள் பார்த்ததைச் சொல்லும்போது நம்ப வேண்டும். இல்லையென்றால் கொடுக்கக் கூடாது. இதை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவது நீ அறியாதது. பதறாதே. எல்லாம் முடிந்து ஆறு மாதமாகிறது. உன் அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், பக்கத்து அறையில் தூங்குகிறார்.

கத்திரி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து எழுந்தவர், நெஞ்சைக் கரிக்கிறது என்று சோடா கேட்டார். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. உன் கேமரா காட்டுகிற இடத்துக்கும் அவருக்கும் நடுவே இரண்டு அடி தூரம் இருந்திருக்கும். அது பவளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். பக்கத்து வீட்டுச் செல்வராணி அன்று பட்டாசு கம்பெனியில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தது நம் நல்ல காலம். அவள்தான் ஆட்டோவைப் பிடித்தாள், அவரைத் தோளில் தாங்கினாள். சிவகாசியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது செல்வராணி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், சாவியைக் கொடுங்கள் என்றாள். அந்த நேரத்திலும் எனக்கு உன் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. தொட்டியில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் தினமும் தண்ணீர் ஊற்று, வெள்ளைக் கேனில் இருக்கிறது என்றேன். "அது உப்புத் தண்ணில்லக்கா?" என்று அவள் சந்தேகமாகக் கேட்டாள். கடல் ஐட்டம்தானே, அதுதான் என்றேன். நீலக் கேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வெள்ளை என்று சொல்லிவிட்டது.

ஒன்பது நாள் மதுரையில் இருந்தோம். அடைப்பு இருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த பிறகும் மூச்சு சீராகவில்லை என்று உள்ளேயே வைத்திருந்தார்கள். முதல் நாள் அவர் கண் திறந்ததும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பயகிட்டச் சொல்லாத. வேலைல சேந்து மூணு மாசம் ஆகல. போட்டுட்டு ஓடியாந்துருவான்." நானும் சொல்லவில்லை. நீ போன் பண்ணினாய். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று எடுத்தேன். எட்டுத் தலையும் சுருங்கியிருக்கிறது, என்ன பண்ணினீர்கள் என்று கேட்டாய். மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம் என்றேன். நான்கு நாள் கழித்தும் கேட்டாய், இன்னும் அங்கேயேதான் இருக்கிறோம் என்றேன். "கல்யாணத்துக்கு இம்புட்டு நாளா?" என்றாய். மறுவீடு, விருந்து என்று எதையோ அடுக்கினேன். நான் எந்தக் கல்யாணத்துக்கு ஒரு வேளைக்கு மேல் தங்கியிருக்கிறேன்? முப்பது வருடமாக என்னைத் தெரிந்தவன் நீ. சந்தேகமே வரவில்லையே உனக்கு. அதற்கடுத்த வாரம் வீடியோ காலில் பார்த்துவிட்டு, மாமா ஏன் இப்படி மெலிந்திருக்கிறார்கள் என்று உன் பக்கத்தில் இருந்த மருமகள்தான் கேட்டாள். நீ வெயில் என்று சொல்லி முடித்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்து அவரை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். தொட்டியில் மூன்று தலைகளில் சதையே இல்லை, வெள்ளை எலும்பு. மற்ற ஐந்தும் சுண்டிப்போய்க் குழலுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. கீழே பார்த்தேன். வெள்ளைக் கேன் காலி. நீலக் கேன் நான் வைத்துவிட்டுப் போனபடி கழுத்து வரை நிறைந்திருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வெயிலில் தண்ணீர் போகிறது, உப்பு போவதில்லை. அதன் மேல் ஒன்பது நாளாக உப்பையே ஊற்றினால் என்ன ஆகும்? செல்வராணி சாவியைக் கொடுக்கவும், அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவரவும் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து உன் போன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

யாரிடம் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டாய், செல்வராணியிடம் என்றேன். அதற்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "செல்வராணிச் சித்திகிட்டயா குடுத்துட்டுப் போன? பட்டாசுக் கையோட உள்ள விட்டிருப்பாங்கம்மா. பட்டாசு மருந்து பட்டா செத்துரும்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கேன்ல? படிக்கத் தெரியாத ஆள்ட்ட ஏன் குடுக்குற?"

அவள் கஞ்சிப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். சாவியை அதன் பக்கத்தில் வைத்தாள். போய்விட்டாள். உன் அப்பாவைத் தோளில் தாங்கிய கை அது. நான் நிறைந்திருந்த நீலக் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. சொன்னால் ஏன், எதற்கு, எங்கே போனீர்கள் என்று நீ கேட்பாய், ஆஸ்பத்திரி வரைக்கும் போய் நிற்கும் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அது இல்லை. உன்னிடம் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்லை, வேறு ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள், விட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு உப்பை இறக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒரேயடியாக இறக்கினால் மிச்சமும் செத்துவிடும் என்று உன் தாளில் இருந்தது. தினமும் ஒரு சொம்பு எடுத்து, ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பு அளக்கிற அந்தக் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். விளக்கை இன்னும் குறைத்தேன். உன் கேமராவைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். ஏன் கேமரா வேலை செய்யவில்லை என்று கேட்டாயே, பல்லி என்றேனே, பல்லி இல்லை, நான்தான். டாக்டர் அப்பாவை மூன்று மாதம் படியேறாதே, வெயிலில் போகாதே, சும்மா உட்கார் என்று சொல்லியிருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர் வேறு வழியில்லாமல் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், "ஏய், இங்கன வா, ஒண்ணு விரலை நீட்டுது" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து இறால் நறுக்குவது அவர் வேலை. நான் நறுக்கினால் பெரிதாக இருக்கிறதாம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி மாதிரி ஒரு குச்சியில் எடுத்து, ஒவ்வொரு வாயாக வைத்து, அது விழுங்கும் வரை நகர மாட்டார். ஐப்பசியில் ஒரு தலை நடுவில் ஒடுங்கி இரண்டு வாய் ஆனது. பிறகு இன்னொன்று. இப்போது உயிரோடு ஏழு தலை இருக்கிறது. நீ விட்டுப்போனதற்கு ஒன்று குறைவு.

செல்வராணி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. காலையில் கம்பெனி வேனுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்தால் சிரிப்பாள், பேச மாட்டாள். தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்ட அன்று நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது, வெள்ளைக் கேன் என்று சொன்னவள் நான், உன் கையில் ஒன்றும் இல்லை என்று. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். "எங்கை பட்டுத்தான் செத்துச்சுன்னு இருந்தேன். எந்தங்கச்சி பிள்ளையக்கூட ரெண்டு மாசம் தூக்கல. சோப்ப மாத்தி மாத்தித் தேச்சேன்." கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். உள்ளே வாங்க, காப்பி போடுகிறேன் என்றாள். குடித்துவிட்டு வந்தேன். இதற்கு நான் என்ன செய்து ஈடு கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் பங்கை நீ செய்யலாம். அவள் நம்பர் உன்னிடம் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் வேனிலிருந்து இறங்கிவிடுவாள். மன்னிப்புக் கேட்பதற்குக் கட்டுரை வேண்டாம். சித்தி, தெரியாமல் பேசிவிட்டேன் என்றால் போதும்.

இன்று காலை மதுரைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர், பெரிய டப்பாக்களோடு. நல்ல பையன்கள், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். நான் பேசுவதற்கு முன்பே உன் அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். "தம்பி, இதைக் கழட்டுனா மதுரை வரைக்கும் இந்த ரெண்டு புது வாயும் தாங்குமா?" என்று கேட்டார். அதில் பெரிய பையன் குனிந்து பார்த்தான். உண்மையைச் சொன்னான். தாங்கலாம், தாங்காமலும் போகலாம், இப்போதுதான் பிரிந்திருக்கிறது, அசைக்காமல் இருந்தால் நல்லது என்றான். "அப்பம் போயிட்டு வாங்க" என்றார் அப்பா. காப்பி கொடுத்து அனுப்பினேன். அவர்களுக்கு நீ பதில் சொல்லிக்கொள். இந்தத் தொட்டி இங்கேதான் இருக்கும்.

இப்போது நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிற கடைசி விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் நான் ரொம்ப நாளாக இரண்டு பக்கமும் பொய் சொல்லி வந்திருக்கிறேன். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது, அப்பா உன்னை விசாரித்தார் என்று உன்னிடம் சொல்லுவேன். அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். நீ அப்பாவை விசாரித்தாய் என்று அவரிடம் சொல்லுவேன். நீ பணம் அனுப்பச் சொல்லியிருப்பாய். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் என் வாயால்தான். அது தப்பென்று இப்போது தெரிகிறது. நான் நடுவில் இல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை நீங்களே பேசப் பழகியிருப்பீர்கள்.

மதுரையில் மூன்றாம் நாள் அவர் என்னிடம், "பய போன் பண்ணுனானா?" என்று கேட்டார். பண்ணினான் என்றேன். என்ன கேட்டான் என்றார். நீ பவளத்தைக் கேட்டிருந்தாய். நான் போர்வையை இழுத்துவிட்டேன். "சொல்லாதன்னா சொல்லாமலே இருந்துருவியா நீ?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவனிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கே சொல்லிவிட்டேன், அழுதான், லீவு கிடைக்கவில்லை, தினமும் இரண்டு வேளை உங்களைத்தான் விசாரிக்கிறான் என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "எங்கிட்டக் கேக்க மாட்டான். பயந்த பய. நானும் அவன்கிட்ட அந்தப் பேச்ச எடுக்க மாட்டேன், பாவம்" என்றார்.

ஆறு மாதமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ வீடியோவில் சாப்பிட்டீர்களா, மழை உண்டா என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லும்போதெல்லாம், உனக்கு வருத்தம் தாங்கவில்லை, அதனால்தான் பேச முடியவில்லை என்று என்னிடம் சொல்கிறார்.

ஆகவே இதைப் படித்த கையோடு அலறி அடித்துக்கொண்டு போன் பண்ணாதே. உனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று அவருக்குத் தெரியவே கூடாது. என் பொய்யைக் காப்பாற்றச் சொல்லவில்லை, அந்த ஒன்பது நாளில் நீ அவரைக் கேட்டாய் என்று அவர் நம்புகிறாரே, அதைக் காப்பாற்று. நாளைக்குச் சாயங்காலம் நம்ம ஊர் நேரம் நான்கு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போது மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்துவிடுவார். என் நம்பருக்கு வேண்டாம், அவர் நம்பருக்குக் கூப்பிடு. எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் அந்த நேரம் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன்.

அம்மா